உள்ளம் பறிகொடுத்த ஓசை

இசையில் நம்மை ஆட்கொள்வது எது? நண்பர்கள் நால்வர் கூடியிருக்கும்போது இவ்வினாவை எழுப்பிப் பாருங்கள். ஒருவர் குரலின் குழைவு என்பார். மற்றொருவர் தாளம் என்பார். தமிழர்களாகிய நம்மில் பெரும்பாலோர் பாட்டின் பொருளே முதன்மை என்று அடித்துக் கூறுவர். கூறிவிட்டு, பொருள் விளங்காத அரபுப் பைத்துக்கும் உருதுக் கவாலிக்கும் தலையசைத்துக்கொண்டிருப்பர். இறுதியில் யாவரும் ‘இனிமை’ என்னும் ஒரு சொல்லில் வந்து உடன்பாடு கண்டு, தேநீர் அருந்திக் கலைந்து செல்வர்.

எனக்கு அச்சொல் போதவில்லை. இனிமை வேறு; தடுக்க முடியாமை வேறு. இனிமையான பாடல்கள் ஆயிரம் கேட்டிருக்கிறேன். கேட்ட மறுகணமே அவற்றுள் பல என்னைவிட்டுப் போய்விட்டன. அதே வேளையில், இனிமை என்று எவரும் சொல்லத் துணியாத சில ஓசைகள் அறுபது ஆண்டுகளாக என்னைக் கைப்பிடித்து இழுக்கின்றன. வேலையைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வரச் செய்கின்றன. அவற்றில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை சென்ற ஆண்டுதான் எனக்கு வந்தது. காரணம், அவற்றுள் சில என்னிடம் விடைபெறத் தொடங்கிவிட்டன.

எழுபத்து நான்கு வயதில், எதிரில் பேசுவோரின் சொற்களிலிருந்து சகரங்கள் உதிர்ந்து போவதை உணர்ந்தேன். “சாவி எங்கே வைத்தீர்கள்?” என்று என் மனைவி கேட்டது “ஆவி எங்கே வைத்தீர்கள்?” என்று என் செவியில் விழுந்தது. தமிழாசிரியனாய் முப்பத்தைந்து ஆண்டு காலம் தள்ளியவனாதலால், அவ்வினாவுக்குத் தத்துவ விளக்கம் சொல்ல வாய் திறந்துவிட்டேன். பிறகுதான் தஞ்சைக்குச் சென்று காது மருத்துவரைக் கண்டோம். கண்ணாடிச் சுவர் வைத்த சிற்றறையில் அமர்த்தி, “ஐயா, சத்தம் கேட்டதும் இந்தப் பொத்தானை அழுத்துங்க” என்று சொல்லி ஒரு பெண் கதவைச் சாத்தினார். வினாடிக்கு 250 அதிர்வு கொண்ட தாழ்ந்த ஓசையில் தொடங்கி 8000 அதிர்வு வரை படிப்படியாய் ஏறும் சோதனை அது. முதற்பாதியில் பொத்தானை மகிழ்ச்சியோடு அழுத்தினேன். பிற்பாதியில் அறை அமைதியாகவே இருந்தது. வெளியே வந்து வரைபடத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த அமைதியில் எத்தனையோ ஓசைகள் எனக்காக ஒலித்துக்கொண்டிருந்தன என்பது. கோடு இடப்புறம் சமவெளியாய் ஓடி, 2000ஐத் தாண்டியதும் சரிந்து, 4000க்கு அப்பால் பள்ளத்தில் விழுந்து கிடந்தது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதன் உள்வரிசையில் மயிரிழைகள் முளைத்த அணுக்கள் சுமார் 3500 உள்ளன. கூட்டின் வாயிலருகே இருப்பவை உயர்ந்த ஓசைகளை ஏற்பவை. உட்கோடியில் இருப்பவை தாழ்ந்தவற்றை ஏற்பவை. முதுமையில் வாயிலோரத்தில் இருப்பவையே முதலில் அழிகின்றன. மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. “பாட்டுக் கேட்பதுண்டா?” என்று கேட்டார். உண்டு என்றேன். “அப்படியானால் ஓர் ஆறுதல் சொல்கிறேன். பியானோவின் கடைசிக் கட்டைகூட 4186 அதிர்வுதான். மெட்டு எங்கும் போய்விடாது” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. மனிதக் குரலின் அடிநாதம் பொதுவாக 4000ஐ எட்டுவதில்லை. ஆகவே எந்தப் பாட்டின் மெட்டையும் நான் இழக்கவில்லை. ஆயின் ஊருக்குத் திரும்பி, என் விருப்பத்துக்குரிய இசைத்தட்டுகளிலிருந்து பதிந்து வைத்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டபோது, ஒன்று தெளிவாயிற்று. சில பாட்டுகள் முன்போலவே என்னை எழுந்து உட்காரச் செய்தன. சில பாட்டுகள், மெட்டு ஒரு சுரமும் குறையாமல் இருந்தும், கழுவித் துடைத்து வைத்த பாத்திரம் போல் வெறுமனே இருந்தன. அவற்றில் என்னைப் பிடித்தது மெட்டு அன்று என்பது அப்போதுதான் விளங்கியது.

இந்தத் தடுக்க முடியாமையைப் பற்றி நான் அறிந்த கதைகளுள் அச்சமூட்டுவது, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் ‘ஸமாஉ’ என்னும் செவியேற்பைப் பற்றிய பகுதியில் எடுத்துரைப்பது. பாலைவனத்தில் ஒரு கூடாரத்துக்கு விருந்தினராகச் சென்ற பெரியார் ஒருவர், வாசலில் ஒட்டகங்கள் செத்துக் கிடப்பதையும், உள்ளே ஓர் அடிமை விலங்கிடப்பட்டிருப்பதையும் காண்கிறார். “எனக்காகப் பரிந்து பேசுங்கள், விருந்தினர் சொல்லை என் எசமானர் தட்டமாட்டார்” என்கிறான் அடிமை. அவனை விடுவித்தாலன்றி உணவைத் தொடேன் என்கிறார் பெரியார். வீட்டுக்காரரோ, “இவன் என்னை வறியவனாக்கிவிட்டான். இவனுக்கு அழகிய குரல். பெருஞ்சுமை ஏற்றிய என் ஒட்டகங்களைப் பாடிப் பாடி ஓட்டி, மூன்று நாள் வழியை ஓர் இரவில் கடக்கச் செய்தான். சுமையை இறக்கியதும் ஒன்றைத் தவிர அனைத்தும் மாண்டன” என்கிறார். மறுநாள் காலை, அக்குரலைக் கேட்க விரும்பிய விருந்தினருக்காக, கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்த ஓர் ஒட்டகத்தின் முன் அவன் பாடுகிறான். ஒட்டகம் கயிற்றை அறுத்துக்கொள்கிறது. கேட்டுக்கொண்டிருந்த பெரியார் முகங்குப்புற விழுகிறார்.

1111இல் மறைந்த அம்மேதை, பல நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த அறிவியலை அன்றே கூறிவிட்டார் என்று மேடைப் பேச்சாளரைப் போல் நான் முழங்கப் போவதில்லை. இசை கூடுமா கூடாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே என்றும் கருத்து வேறுபாடு உண்டு; அதைத் தீர்த்து வைக்கும் தகுதி எனக்கில்லை. எனக்கு வேண்டியது கதையில் உள்ள ஒரு நுட்பம். ஒட்டகத்துக்குப் பொருள் தெரியாது. சுமையின் கனம் அதற்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அது நிற்கவில்லை. பாட்டு முடியும் வரை சாகவும் இல்லை. அந்தக் குரல் அதன் செவிக்கு என்ன கொடுத்தது?

என் செவிக்கு ஓசைகள் கொடுத்தவற்றுள் முதலாவது, கரகரப்பு. இச்சொல்லைக் கண்டு முகம் சுளிக்க வேண்டா. நாகசுரத்தைத் தெருக்கோடியிலிருந்து கேட்பவர் அதன் மங்கலத்தை அறிவர். மேடையோரத்தில் அமர்ந்து கேட்டவரே அதன் கரகரப்பை அறிவர். ஷேக் சின்ன மௌலானா சாகிபு அவர்களின் கச்சேரியை அவ்வாறு கேட்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிட்டியது. ஆந்திர நாட்டுக் கரவதி என்னும் ஊரில் 1924இல் பிறந்து, நாச்சியார்கோயில் இராசம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சைப் பாணியைக் கற்றுத் திருவரங்கத்தில் குடியமர்ந்தவர் அவர். 1998இல் ‘சங்கீத கலாநிதி’ விருது பெற்று, 1999இல் மறைந்தார். அவர் வாசிக்கத் தொடங்குமுன், நாவில் நனைத்த சீவாளியை உதட்டில் வைத்து ஒரு சிறு ஊதல் ஊதிப் பார்த்தார். இராகமில்லை, சுரமில்லை, நாணல் தட்டை காற்றில் கிழிபடும் ஒரு ‘ஸ்ர்ர்’. என் முதுகுத்தண்டு அப்போதே நிமிர்ந்துவிட்டது. பின்னர் அவர் பெருக்கிய இராகங்கள் யாவும் அந்தக் கிழிசலின் மேல் போர்த்திய பட்டாடையாகவே எனக்குத் தோன்றின. பட்டு அழகுதான். ஆனால் அடியில் அந்த நாணல் இல்லாமல் அது நிற்காது.

தம்புராவிலும் இதுவே. தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலிழையைச் செருகி மேலும் கீழும் நகர்த்துவர். உரிய இடத்தில் அது அமர்ந்ததும், அதுவரை மொட்டையாய் ஒலித்த தந்தி திடீரென்று தேன்கூடு போல ரீங்கரிக்கத் தொடங்கும். ‘ஜீவா’ என்று அந்த நூலுக்குப் பெயர் வைத்தவர் எவரோ, அவர் பெரும் இரசிகர். அந்த ரீங்காரம் அடிநாதம் அன்று. அதன்மேல் அடுக்கடுக்காய் எழும் மேல்நாதங்கள். நம் திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1921இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இதை ஆராய்ந்தார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவற்று நிற்க வேண்டிய மேல்நாதங்கள் எழா என்பது அதுவரை ஐரோப்பியர் கண்ட விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை கம்பீரமாய் எழுவதை இராமன் காட்டினார். வளைந்த குதிரையில் தந்தி உரசி உரசிப் பிரிவதே காரணம். உரசல் இல்லையேல் உயிரில்லை என்று கொள்க.

குரல்களிலும் எனக்கு வழுவழுப்பான குரல் ஒருபோதும் போதியதில்லை. 2015இல் மறைந்த நாகூர் ஹனீபா அவர்களின் குரலைக் ‘கம்பீரம்’ என்றே யாவரும் போற்றுவர். கம்பீரம் உண்டு, அதில் என்ன ஐயம்? ஆயின் என்னைப் பறித்தது, மேற்சுரத்தில் ஏறி நிற்கும்போது அக்குரலின் விளிம்பில் தோன்றும் ஒரு நுண்ணிய உரசல். வெண்கலத்தை வெண்கலத்தால் தட்டியது போன்ற ஓர் ஓரம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றிய பாடலாயினும் கட்சி மேடைப் பாடலாயினும் அந்த ஓரம் ஒன்றேதான். எதிர்க்கட்சிக்காரரும் நின்று கேட்டுவிட்டுச் சென்றதற்கு அதுவே காரணம் என்பது என் துணிபு.

இப்போது கேட்கிறேன். குரல் இருக்கிறது, ஓரம் இல்லை. தம்புரா ஒலிக்கிறது, தேன்கூடு இல்லை. 4000க்கு மேற்பட்ட அந்தப் பள்ளத்தில் விழுந்தவை மெட்டுகள் அல்ல, இவைதாம். மருத்துவர் எனக்களித்த ஆறுதலின் மறுபக்கம் இது.

ஆயின் எல்லாம் போய்விடவில்லை என்று சொன்னேன். போகாதவை எவை என்று தேடியபோது எனக்கே வியப்பாயிருந்தது. முதலில் நினைவுக்கு வந்தது தோடி.

திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டைப் பற்றி நம் பெற்றோர் தலைமுறையிடம் கேட்டால் கண் கலங்குவர். மூன்று நிமிடமே ஓடும் 78 சுற்றுத் தட்டுகளின் காலம் அது. தோடி இராகத்தின் காந்தாரம் ஒரு வேடிக்கையான சுரம். ஆர்மோனியத்தில் அதற்குரிய கட்டையை அழுத்திப் பாருங்கள், ஒன்றுமே நிகழாது. ஏனெனில் தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. இரு பக்கமும் அசைந்து அசைந்து, நிற்கப் போவதுபோல் போக்குக் காட்டி, நில்லாமல் நழுவும். கேட்பவன் மனம் அந்தச் சுரம் வந்து அமரும் இடத்தைத் தானே வரைந்துகொண்டு, அங்கே காத்து நிற்கும். சுரம் வரும், தொடும், அமராது. இந்தக் காத்திருப்பு உயர்ந்த அதிர்வுகளில் இல்லை. ஆகவே என் செவிக்குள் அது இன்னும் பழுதின்றி இருக்கிறது.

அரபு மக்கள் இசையால் எழும் பரவசத்தை ‘தரப்’ என்பர். அவர்களுடைய ‘ராஸ்த்’ என்னும் பண்ணில் மூன்றாவது சுரம், ஐரோப்பியரின் பெரிய சுரத்துக்கும் சிறிய சுரத்துக்கும் நடுவே, பியானோவில் கட்டையே இல்லாத ஓரிடத்தில் நிற்கிறது. எகிப்தின் உம்மு குல்தூம், 1975இல் மறையும்வரை, அந்த நடுவிடங்களின் அரசியாய் விளங்கினார். இளமையில் திருக்குர்ஆன் ஓதப் பயின்றவர். மாதத்தின் முதல் வியாழன் இரவில் கெய்ரோ வானொலி அவருடைய கச்சேரியை ஒலிபரப்பும். ஒரே பாட்டு ஒரு மணி நேரம் நீளும். ஓர் அடியைப் பாடி முடித்ததும் அவையோர் மீண்டும் வேண்டுமென்று கூவுவர். அவர் மீண்டும் பாடுவார்; ஆனால் முன்பு சென்ற வழியில் செல்லமாட்டார். வந்து சேரவேண்டிய சுரத்துக்குப் பக்கத்து வீட்டில் சற்றுத் தங்கிவிட்டு வருவார். அந்தத் தங்கலில்தான் கூட்டம் எழுந்து நிற்கும்.

இங்கிலாந்து நாட்டு உளவியலார் ஜான் ஸ்லொபோடா 1991இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இசை கேட்கையில் கண்ணீர் வருவதும் மயிர்க்கூச்செறிவதும் உண்டென்று சொன்னவர்களிடம், பாட்டின் எந்த இடத்தில் என்று துல்லியமாகக் காட்டச் சொன்னார். கண்ணீர் வந்த இடங்களில் பெரிதும் காணப்பட்டது, போய்ச் சேரவேண்டிய சுரத்துக்கு அடுத்த சுரத்தில் சாய்ந்து நின்று பின்னர் இறங்கி வந்து சேர்தல். மயிர்க்கூச்செறிந்த இடங்களில் காணப்பட்டது, எதிர்பாராத ஒரு திருப்பம். அவர் ஆராய்ந்தவை பெரும்பாலும் ஐரோப்பிய இசை. இருந்தாலும் அதைப் படித்தபோது எனக்குத் தோடியின் காந்தாரமே கண்முன் நின்றது.

கனடாவின் மொன்றியால் நகரத்து ஆய்வாளர் 2011இல் இன்னும் ஒரு படி சென்றனர். தமக்கு மெய்சிலிர்ப்பூட்டும் பாட்டை ஒவ்வொருவரும் தாமே தேர்ந்து கொண்டுவரச் செய்து, அதைக் கேட்கும்போது மூளையில் நிகழ்வதைப் பார்த்தனர். உணவிலும் பிற இன்பங்களிலும் சுரக்கும் ‘டோபமைன்’ என்னும் பொருள் இசையின்போதும் சுரந்தது. அதனினும் சுவையானது வேறொன்று. சிலிர்க்கும் கணத்தில் ஓரிடத்தில் சுரந்த அப்பொருள், அதற்குச் சற்று முன்பு, ‘இதோ வரப்போகிறது’ என்று மனம் காத்திருக்கும் நொடிகளில் மூளையின் வேறோரிடத்தில் சுரந்திருந்தது. வருவதன் இன்பம் ஒன்று. வரப்போவதன் இன்பம் மற்றொன்று. இரண்டுக்கும் வீடுகள் தனித்தனி.

இதற்கு மொன்றியால் வரை போக வேண்டுமா என்று எங்களூர் பைத்து சபையார் கேட்கக்கூடும். நான் சிறுவனாயிருந்த நாளில் மாப்பிள்ளை ஊர்வலத்தின் முன்னே பெட்ரோமாக்ஸ் விளக்கொளியில் இரு வரிசையாய் நின்று பாடுவர். முன்பாட்டுக்காரர் ஒருவர், பின்பாட்டுக்கு இருபது பேர், தப்ஸ் கொட்ட நால்வர். முன்பாட்டுக்காரர் ஓர் அடியைத் தனியே எடுத்துச் சென்று, ஏற்றி, முறுக்கி, மூச்சு முடியும் எல்லையில் நிறுத்துவார். அந்த அரைக்கணத்தில் தப்ஸும் நின்றுவிடும். தெருவே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பிறகு இருபது குரலும் நான்கு தப்ஸும் ஒருசேர வந்து விழும். மாடியில் நின்று பார்க்கும் பெண்களும், விடிந்தால் பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகளும், பந்தியில் இடம் போய்விடுமே என்று பதறிக்கொண்டிருக்கும் உறவினரும், அந்த வீழ்ச்சிக்காகவே நின்றனர். சொல் இன்னதென்று எனக்கு அன்றும் தெரியாது. இன்றும் பாதி தெரியாது. ஒவ்வொரு முறையும் வரும் என்பது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் உடல் அதிர்ந்தது.

குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் கண்ணிகளும் இவ்வகையினவே. ஈரடிக்கு ஒருமுறை ஒரே விளியில் வந்து முடியும். நூலில் படிப்பவர், இதே சொல்லை எத்தனை முறை அச்சிடுவது என்று சலிப்பர். பாடக் கேட்டவர் சலிப்பதில்லை. ஒவ்வொரு கண்ணியின் முதலடியும் வீட்டை விட்டு வேறொரு திசையில் வெளியேறுகிறது; எத்திசையில் போனாலும் அதே வாசலுக்குத் திரும்புகிறது. பயணம் புதிது, வாசல் பழையது. பல்லவி என்பதே இதற்காகத்தானே?

இந்த வரிசையில் அமைதியையும் சேர்க்க வேண்டும். ஆனால் அதற்கு நான் காட்டப்போகும் சான்றை இசை என்று கூறுவது தகாது. திருமறையை ஓதுதல் இசைக்கலை அன்று, அறிஞர்கள் ஒப்பார், நானும் ஒப்பேன். 1970களின் பிற்பகுதியில் அரபு நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற எம்மூர் இளைஞர்கள் ஊர் திரும்புகையில் டேப் ரிக்கார்டரும் கேசட்டுகளும் கொணர்ந்தனர். அவற்றுள் எகிப்து நாட்டுக் காரி அப்துல் பாஸித் அவர்களின் கிராஅத்தும் இருந்தது. 1988இல் மறைந்த அப்பெருமகனாரின் நீண்ட மூச்சைப் பற்றி எல்லோரும் பேசினர். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணியவரும் உண்டு. எனக்கு மூச்சைவிட, அது முடிந்த இடம் பெரிதாகப் பட்டது. ஓர் ஆயத்தை உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அவர் பேசாதிருப்பார். அவையிலிருந்து ‘அல்லாஹ்!’ என்னும் குரல்கள் அலையாய் எழுந்து அடங்கும். அவை அடங்கிய பிறகும் அவர் தொடங்கமாட்டார். அந்த வெற்றிடத்தில், முன்பு ஓதியது அறையின் மூலைகளில் இன்னும் நின்றுகொண்டிருப்பது போலவும், இனி ஓதப்போவது வாசலில் வந்து நிற்பது போலவும் இருக்கும். கேசட்டின் இரைச்சலைத் தவிர அங்கே கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் இத்தனை ஆண்டுகளில் நான் மிகக் கவனமாகக் கேட்ட நேரங்கள் அவையே.

அந்த அமைதியைக் கேட்கச் செவியில் எத்தனை மயிரணுக்கள் மிஞ்சியிருக்க வேண்டும்?

இந்த வினாவை விளையாட்டாகக் கேட்கவில்லை. நாம் கேட்பதில் பெரும்பகுதியை மனமே செய்துகொள்கிறது என்பதற்கு எளிய சான்று, நம் வீடுகளில் இருந்த சின்னஞ்சிறு டிரான்சிஸ்டர் வானொலி. உள்ளங்கையளவு ஒலிபெருக்கிக்குத் தாழ்ந்த நாதங்களை எழுப்பும் வல்லமை கிடையாது. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியில் ஆடவர் ஒருவர் அடித்தொண்டையில் பாடினால், அவர் குரலின் அடிநாதம் அந்தப் பெட்டியிலிருந்து ஏறத்தாழ வெளிவருவதே இல்லை. மேல்நாதங்கள் மட்டும் வரும். அவற்றின் இடைவெளியைக் கணக்கிட்டு, இல்லாத அடிநாதத்தை மூளை தானே அமைத்துக் கேட்டுக்கொள்ளும். கடலோரத்துத் திண்ணைகளில் அமர்ந்து நாங்கள் கேட்டு மகிழ்ந்த அந்தக் கனத்த குரல்களில் பாதி, பெட்டியில் இருந்தது. மறுபாதி எங்களிடம் இருந்தது. அன்று அடிப்பகுதியை இட்டு நிரப்பிய மனம், இன்று மேற்பகுதியை இட்டு நிரப்பாதா என்று நான் ஆசைப்பட்டதுண்டு. நிரப்பவில்லை. மேல்நாதத்திலிருந்து அடியைக் கணிக்கலாம்; அடி ஒன்றைக் கொண்டு அதன்மேல் நின்ற ரீங்காரத்தைக் கணிக்க இயலாது. ஜீவா போட்ட தந்தியும் போடாத தந்தியும் அடியில் ஒன்றே அல்லவா?

செவிக்கருவி வாங்கிப் பொருத்தினர். அதன் அருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சகரங்கள் திரும்பி வந்துவிட்டன. வீட்டில் சாவி சாவியாயிற்று. ஆனால் அது பேச்சுக்கென்று செய்த கருவி. இசையைக் கொடுத்தால் தடுமாறுகிறது. தன்னிடமிருந்து கிளம்பும் கீச்சொலியைத் தானே அடக்கிக்கொள்ளும் ஏற்பாடு அதனுள் உண்டு. அசையாமல் நீண்டு நிற்கும் எந்த நாதத்தையும் அது தன் சொந்தக் கூச்சல் என்று ஐயுற்று அடக்க முனைகிறது. ஒத்து ஊதுபவரின் ஒரே சுரம், புல்லாங்குழலின் நீண்ட கார்வை எல்லாம் அதன் கண்ணுக்குக் குற்றவாளிகள். முதல்நாள் தம்புராவைக் கேட்டபோது தண்ணீருக்குள் யாரோ மீட்டுவதுபோல் நெளிந்தது. இசைக்கென்று வேறோர் அமைப்பை அதில் வைக்கலாம் என்று பின்னர் தெரிந்துகொண்டு வைத்திருக்கிறேன். நெளிவு குறைந்தது. தேன்கூடு வரவில்லை. வரவேண்டிய அணுக்களே இல்லாதபோது கருவி எங்கே கொண்டு சேர்க்கும்?

ஆகவே என் கணக்கு இப்போதைக்கு இவ்வாறு நிற்கிறது. சீவாளியின் கிழிசல், ஜீவாவின் ரீங்காரம், ஹனீபா அவர்கள் குரலின் ஓரம் ஆகியவை செவியின் செல்வங்கள், அவை போயின. காந்தாரத்தின் நழுவல், இருபது குரலின் வீழ்ச்சி, ஓதி நிறுத்திய அமைதி ஆகியவை இருக்கின்றன. முன்னவற்றுக்காக நான் வருந்தவில்லை என்று சொன்னால் அது பொய். இரவு நேரங்களில் அந்த ‘ஸ்ர்ர்’ ஒலியை நினைவிலிருந்து எழுப்ப முயல்கிறேன். மெட்டை நினைவில் பாடிவிட முடிகிறது. கரகரப்பை நினைவில் எழுப்ப முடியவில்லை. நாவின் சுவையைப் போல அதுவும் இருக்கும்போது மட்டுமே இருப்பது போலும்.

இவ்வாண்டு நோன்பு மாதத்தில் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்திருந்தேன். சஹர் நேரத்தில் பாவா தாயிரா கொட்டிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாய் வருவது எங்களூரில் இன்னும் நின்றுபோகவில்லை. முன்பெல்லாம் மூன்று தெருவுக்கு அப்பால் அவர் குரல் எழும்போதே எனக்கு விழிப்பு வந்துவிடும்; தாயிராவில் கோத்த சலங்கையின் கிலுகிலுப்பு முதலில் வரும். இப்போது சலங்கை இல்லை, குரலும் இல்லை. பள்ளிவாசல் திருப்பத்தில் தோல் அதிரும் ‘தொம்’ மட்டும் வந்தது. ஒன்று. சற்றுப் பொறுத்து, இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் அவர் எந்த அடியைப் பாடிக்கொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, அடுத்த ‘தொம்’முக்காகக் காத்திருந்தேன்.